தோல் கலர்

செத்துப்போன பெண்ணை எழுப்ப ஒரு கிரேயான் துண்டு போதும் என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். வேதத்தில் அப்படி இல்லை. சபையில் யாரும் அப்படிச் சொல்லச் சொல்லவும் இல்லை. நானே யோசித்து, நானே கண்டுபிடித்து, அதற்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டேன். இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அரைகுறையாக ஒருவரிடம் சொன்னேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்துமூன்று வயது. பம்பாய் தாராவியில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் ஆராதனையில் இருக்கும்போது சின்னதுகளை அங்கே அடைத்துவைத்து, சத்தம் கோயிலுக்குள் கேட்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் பாலர் வகுப்பு. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை முப்பது பிள்ளைகள். எல்லாம் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். அப்பாக்கள் தோல் பதனிடுகிற ஷெட்டில் அல்லது பை தைக்கும் பட்டறையில், அம்மாக்கள் மாட்டுங்கா வீடுகளில் பாத்திரம் தேய்க்க. பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், சந்துக்குள் இறங்கினால் இந்தி. கதை சொன்னால் பாதியில் எழுந்து ஓடிவிடும். கலர் அடிக்கக் கொடுத்தால் மட்டும் உட்காரும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது.

கலர் அடிக்கப் படம் வேண்டும். வார நாட்களில் நான் மாட்டுங்காவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் வேலை பார்த்தேன். அங்கே கையால் சுற்றுகிற சைக்ளோஸ்டைல் மெஷின் ஒன்று இருந்தது. மெழுகுத் தாளில் கூர்முனைப் பேனாவால் கீறி, உருளையில் மாட்டி, மை தடவிச் சுற்றினால் ஒன்று போல நாற்பது படம் விழும். முதலாளி பாலக்காட்டுக்காரர், நெற்றி நிறைய விபூதி. சனிக்கிழமை மத்தியானம் நான் மெழுகுத் தாளை எடுத்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். தரையில் மை சிந்தாமல் இருந்தால் சரி என்பார். சிந்தத்தான் செய்யும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் என் கையிலிருந்து மண்ணெண்ணெய் வாசம்தான் வரும்.

செம்பூர் சபையிலிருந்து ஒரு அம்மாள் மூன்று பெட்டி கிரேயானும் ஒரு வெளிநாட்டுப் படப் புத்தகமும் கொடுத்திருந்தார்கள். அந்தப் புத்தகத்தில் எல்லாம் தூண் வைத்த வீடு, திரைச்சீலை, கால் வைத்த கட்டில். அதை அப்படியே கீறினால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? கட்டில் என்பதையே ஆஸ்பத்திரியில்தான் பார்த்திருப்பார்கள். அதனால் நான் மாற்றினேன். கட்டிலை எடுத்துவிட்டுப் பாய் போட்டேன். மூலையில் ஸ்டவ், தண்ணீர் பிடிக்கிற டிரம், சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பை. கதையில் வருகிற பெண்ணுக்கு ரெட்டை ஜடையும் ரிப்பனும். தாராவியில் வீடு என்றால் ஒரே அறை, கோலி என்போம். நான் கீறினால் அந்தக் காலத்து யூத தேசமும் கோலியாகிவிடும். ஆண்டவர் குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருக்கும். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஒரு பெரிய மனுஷனுடைய ஒரே மகளுக்கு உடம்புக்கு முடியவில்லை. அப்பா ஆண்டவரைத் தேடி ஓடுகிறார். ஆண்டவர் வருகிற வழியில் வேறொரு நோயாளிக்காக நின்றுவிடுகிறார். அதற்குள் பிள்ளை இறந்துபோகிறாள். வீடெல்லாம் ஒப்பாரி. ஆண்டவர் உள்ளே வந்து, இவள் சாகவில்லை, தூங்குகிறாள் என்கிறார். சிரிக்கிறார்கள். அழுகிறவர்களையும் சிரிக்கிறவர்களையும் வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்புகிறார். அவ்வளவுதான்.

இதை நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? நான் ஒரு வழி வைத்திருந்தேன். முதலில் எல்லாரும் படத்தில் இருக்கிற மற்றதற்கெல்லாம் கலர் அடிக்க வேண்டும். டிரம் நீலம், ரிப்பன் சிவப்பு, பாய் மஞ்சள். அந்தப் பெண்ணின் முகத்தை மட்டும் வெள்ளையாக விட்டுவிட வேண்டும். பிறகு கிரேயானைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார வேண்டும். சத்தம் போட்டால் அவள் எழுந்திருக்க மாட்டாள் என்பேன். யாராவது வந்து அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பேன். முப்பது பிள்ளைகளும் வாயில் விரல் வைத்து, "தூங்குதா, சத்தம் போடாதீங்க" என்று கிசுகிசுக்கும். தூங்குதா என்றால் எங்கள் பேச்சில் தூங்குகிறாள். பிறகு பெட்டிக்கு ஒன்று என்று இருந்த தோல் கலர் கிரேயானை வரிசையாகக் கொடுப்பேன். இளஞ்சிவப்பு. எங்கள் பிள்ளைகளின் தோலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனால் பெட்டியில் அதற்குப் பெயர் அதுதான். முகத்துக்கு அந்தக் கலரை அடித்தவுடனே, "எந்திச்சிட்டா" என்று கத்திக் கைதட்ட வேண்டும்.

ஒருமுறை வகுப்பை எட்டிப் பார்த்த ஐயருக்கு, எங்கள் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம், கண் கலங்கிவிட்டது. பெரியவர்களுக்கு இப்படிப் பிரசங்கம் பண்ண எனக்குத் தெரியவில்லையே அம்மா என்றார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தேன். கோட்டுக்கு வெளியே கலர் போகக்கூடாது. போகாதவர்களுக்குத்தான் ஊதா மையில் நட்சத்திர முத்திரை, தாளில் ஒன்று, புறங்கையில் ஒன்று. போனால் கிடையாது. மூன்று வயசுக்குக் கூடக் கிடையாது. இதில் நான் கறார். ஏன் அவ்வளவு கறார்? கோடு நான் கீறியது, அதனால் இருக்கலாம்.

கடைசி வரிசையில் வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி உட்காருவாள். நாலரை வயது. இடுப்பில் எப்போதும் தங்கச்சி, பத்து மாதக் கைக்குழந்தை. அப்பா குஜராத் பக்கம் ஏதோ கட்டட வேலைக்குப் போயிருந்தார். அம்மா விடிகாலையில் மாட்டுங்காவுக்குப் போனால் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வருவாள். அதுவரை இவள்தான் தங்கச்சிக்கு அம்மா. பக்கத்துக் கோலியில் இட்லி அவித்து விற்கிற அம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள். எங்கள் சந்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. நாலு வயதில் பிள்ளை வளர்க்காத பெண் யார்?

அவள் ஒரு கையால் தங்கச்சியின் கவுன் நுனியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கலர் அடிப்பாள். தங்கச்சி கையைத் தட்டிவிடும். கலர் கோட்டைத் தாண்டி ஓடும். ஒருநாள் அது நீலக் கிரேயானைக் கடித்துத் தின்று வாயெல்லாம் நீலமாகிச் சிரித்தது. நான் கத்தினேன், பெட்டி பாழாகிறதே என்று. அந்தச் சிறுமிக்கு அதுவரை ஒரு நட்சத்திரம் கூடக் கிடைத்ததில்லை. கேட்டதுமில்லை. அடுத்தவர்கள் புறங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஜூலை ஞாயிறு, அந்தக் கதைப் படத்தைக் கொடுத்ததும் அவள் தாளைத் தூக்கிக் காட்டினாள். "டீச்சரக்கா, இது எங்க கோலி." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆமாட்டி, ஒங்க கோலிதான், ஆண்டவர் ஒங்க கோலிக்குத்தான் வாறாரு என்றேன். அன்றைக்குக் கையைத் தலைமேல் வைத்து அவளைப் போல யாரும் உட்காரவில்லை. தங்கச்சியின் வாயைக்கூடக் கையால் பொத்தி வைத்திருந்தாள். வழக்கம் போலக் கோடு தாண்டியிருந்ததால் நட்சத்திரம் கொடுக்கவில்லை. ஆனால் மனசு கேட்கவில்லை. அமைதியாக இருந்ததற்குப் பரிசு என்று சொல்லி, தேய்ந்துபோயிருந்த தோல் கலர் கிரேயான் துண்டு ஒன்றை அவள் கையில் வைத்து மூடினேன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தக் குழந்தை இறந்துபோனது.

மழைக்காலம். குழாயில் சேறும் நாற்றமுமாகத் தண்ணீர். சந்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. அந்தக் குழந்தைக்கும் இரண்டு நாளாக இருந்தது. செவ்வாய்க் காலையில் கொஞ்சம் தேறியிருப்பதாகத் தெரிந்ததால் அம்மா வேலைக்குப் போய்விட்டாள். அவள் வேலை செய்த வீட்டில் விருந்தாட்கள், அன்றைக்கு லீவு போட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரை ஒரு தம்ளரில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டு, ரொம்ப அழுதால் பக்கத்துப் பெரியம்மாவைக் கூப்பிடு என்று மூத்தவளிடம் சொல்லியிருக்கிறாள். குழந்தை அழவில்லை. அழ அதற்குத் தெம்பு இல்லை.

இட்லி அம்மா எட்டு மணிக்கு ஒருமுறை வந்திருக்கிறாள். பத்து மணிக்கு ஒருமுறை. இரண்டு முறையும் சிறுமி வாசலிலேயே நின்று, வாயில் விரல் வைத்து, பாப்பா தூங்குதா, சத்தம் போடாதீங்க என்று சொல்லியிருக்கிறாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். ஒரு மணிக்கு அம்மா வந்து தூக்கியபோது தலை தொங்கியது. ஓட்டமாக ஓடி ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை, காலையிலேயே கொண்டுவந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று அங்கே இந்தியில் சொன்னார்கள். அந்த வார்த்தைதான் அன்று சாயங்காலம் சந்து முழுக்க நடந்துகொண்டிருந்தது. காலையிலேயே கொண்டு வந்திருந்தா.

நான் வேலை முடிந்து வந்ததும் நேராக அங்கே போனேன். பெண்கள் சுற்றி உட்கார்ந்து குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னத்திலும் நெற்றியிலும் இளஞ்சிவப்பாக ஏதோ ஈஷியிருந்தது. தண்ணீரில் போகவில்லை. ஒருத்தி என்ன இது, பவுடரா என்றாள். இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் தடவின மருந்தாக இருக்கும் என்று சொல்லிவிட்டு, விரலில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்தாள். மெழுகு அல்லவா, எண்ணெயில் வந்துவிட்டது.

எனக்கு மட்டும் தெரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். டிரம்முக்குப் பக்கத்தில் அந்தச் சிறுமி நின்றாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் தெளிந்தது. டீச்சரக்கா வந்துவிட்டார்கள், இனி இந்த ஒப்பாரிக்காரர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு ஆரம்பித்தது பேச்சு. அமுக்கக் கள்ளி, தூங்குதான்னு பொய் சொல்லிக் கொன்னுட்டாளே என்று இட்லி அம்மா போவோர் வருவோரிடம் எல்லாம் சொன்னாள். அவளுக்கும் பயம்தானே, இரண்டு முறை வந்தும் உள்ளே போய்ப் பார்க்கவில்லையே என்று யாராவது கேட்டுவிட்டால்? அம்மா திட்டவில்லை. மூத்தவளை அடிக்கவுமில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டில் சோற்றைப் போட்டுத் தள்ளுவாளாம். அந்த நாலரை வயதுப் பிள்ளை ஒருத்தி மேல்தான் அத்தனை பழியும் இறங்கியது. அதில் ஒரு வார்த்தை கூட அவளுடையது இல்லை. எல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. நான் போய் அவள் அம்மாவிடம், அக்கா, அவ பொய் சொல்லல, நான் படிச்சுக்குடுத்தத அப்படியே செஞ்சிருக்கா என்று சொன்னால் போதும். அந்தப் பிள்ளைக்கு அவள் அம்மா திரும்பக் கிடைப்பாள். இது எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமையே தெரியும்.

அன்று வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த படங்களை எடுத்துப் பார்த்தேன். பாய், ஸ்டவ், டிரம், ஆணியில் தொங்கும் பை. நான் பார்த்துவிட்டு வந்த அதே கோலி. கட்டிலையும் திரைச்சீலையையும் அப்படியே விட்டிருந்தால், அது எங்கேயோ தூர தேசத்தில், யாரோ பணக்காரப் பெண்ணுக்கு நடந்ததாக இருந்திருக்கும். நான்தான் கதையை அவள் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

ஐயரிடம் போனேன். முழுதாகச் சொல்லவில்லை. வகுப்பில் சொன்ன கதையை அந்தப் பிள்ளை நிஜமென்று நம்பியிருப்பாளோ என்று சந்தேகமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். குழந்தையின் முகத்தில் பார்த்த கிரேயானைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷன். தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். குழந்தை தப்பாப் புரிஞ்சிக்கிட்டதுக்கு நீ என்னம்மா பண்ணுவே, மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார். நான் கதவைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அவர் திறந்துவிட்டார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டியிருந்தால் நேரே அந்தக் கோலிக்குப் போயிருப்பேன் என்று பல வருடம் அவர் மேல் கோபமாக இருந்தேன். அது அநியாயம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சொல்லியே தீர்வது என்று போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அம்மா தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சிறுமி வெளியே சந்தில் தனியாக நின்றிருந்தாள். அவளோடு விளையாட யாரையும் யாரும் விடுவதில்லை. நான் உட்கார்ந்ததும் அம்மாவே ஆரம்பித்தாள். திங்கட்கிழமை மெட்ராஸ் ரயிலில் ஊர்க்காரர்கள் போகிறார்களாம், அவர்களோடு மூத்தவளை அனுப்பப் போகிறாளாம். ஊரில் அண்ணன் வீட்டில் கிடக்கட்டும் என்றாள்.

"அவ மூஞ்சியப் பாத்தா எனக்குக் கைய வச்சுருவேனோன்னு பயமா இருக்கு டீச்சர். ஏன் அப்படிச் சொன்னான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா. ஒரு காரணம் சொன்னான்னா நான் மனச ஆத்திக்கிடுவேன்."

காரணம் நான்தான், எதிரே உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். அந்த அம்மாவின் கை முறத்தை இறுகப் பிடித்திருந்தது. அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. வேறு எதுவுமில்லை, பயம்தான். அந்தக் கை என் பக்கம் திரும்பும், சந்து முழுக்க என் பக்கம் திரும்பும், நாளையிலிருந்து என் வகுப்புக்கு ஒரு பிள்ளை வராது, என் அப்பா தலை நிமிர்ந்து கோயிலுக்குள் போக முடியாது. இவ்வளவும் அரை நிமிடத்தில் ஓடியது. ஜெபிக்கலாமா அக்கா என்று கேட்டேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள். ஜெபித்தேன். நீளமாக, நல்ல நல்ல வார்த்தைகளாகப் போட்டு ஜெபித்தேன். கறுப்புக் காபி கொடுத்தாள், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு வகுப்புக்கு அந்தச் சிறுமி தனியாக வந்தாள். இடுப்பு வெறுமையாக இருந்தது. அவளுக்கு எப்படி நிற்பதென்றே தெரியவில்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றாள். மற்றப் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் படகுப் படம் கொடுத்திருந்தேன். அவள் அதை வாங்கவில்லை. அந்தப் பழைய படம் வேண்டும், எங்கள் கோலி போட்ட படம் என்றாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். பையில் மூன்று இருந்தன. எதற்கு என்று கேட்டேன்.

"அன்னைக்குக் கோட்டுக்கு வெளிய போயிட்டு டீச்சரக்கா."

"எந்தப் படத்துல?"

"படத்துல இல்ல. பாப்பா மூஞ்சில. நான் நல்லாத்தான் அடிச்சேன். அவ தலைய ஆட்டிட்டா. அதான் எந்திக்கல."

தலையை ஆட்டிவிட்டாள். அப்படியானால் அவள் கலர் அடிக்கும்போது குழந்தைக்கு உயிர் இருந்திருக்கிறது. அவள் என் வரிசைப்படிதான் செய்திருப்பாள், சத்தத்தை அடக்குவது முதலில், கலர் கடைசியில். இட்லி அம்மா வாசலில் வந்து நின்று திரும்பிப் போனபோது உள்ளே உயிர் இருந்திருக்கிறது. வாயில் விரலை வைத்து வாசலில் நின்றது இந்தப் பிள்ளை இல்லை, நான்தான்.

படத்தைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள்.

அவள் வாசல் பக்கத்து இடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். இப்போது இரண்டு கையும் இருந்தது. ஒரு கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து உள்ளே, ஓரத்திலிருந்து உள்ளே என்று மெதுவாக அடித்தாள். டிரம். ரிப்பன். பாயின் ஒவ்வொரு பட்டை. ஆராதனை முடிந்து பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் தலைமேல் கை வைத்து, யாரும் இல்லாத அறையில், நான் சொல்லாமலே மூச்சடக்கி உட்கார்ந்தாள். பிறகு தோல் கலரை எடுத்தாள். நாக்கை வெளியே நீட்டிக் கடித்துக்கொண்டு அந்த முகத்தை நிரப்பினாள். கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

பிள்ளைகளின் தாளில் தப்பு கண்டுபிடிப்பது எனக்குக் கை வந்த கலை. அன்றைக்குத் தேடினேன். ஓரிடத்திலாவது ஒரு மயிரிழையாவது வெளியே போயிருக்க வேண்டும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினேன். இல்லை. நான் பாலர் வகுப்பு எடுத்த எல்லா வருடங்களிலும் அப்படி ஒரு தாளை யாரும் கொடுத்ததில்லை. வேறு என்ன செய்வது, தாளில் நட்சத்திரம் குத்தினேன். புறங்கையை நீட்டினாள். அதிலும் குத்தினேன். அவளுடைய முதல் நட்சத்திரம்.

"இப்ப எந்திச்சிருவாளா?"

வீட்டுக்குப் போ, அம்மா தேடுவா என்றேன். அவள் அம்மா தேட மாட்டாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தாள் கசங்காமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் போனாள்.

திங்கட்கிழமை இன்ஸ்டிடியூட்டில் அரைநாள் கேட்டு வாங்கிக்கொண்டு தாதர் ஸ்டேஷனுக்குப் போனேன். சொல்வதற்கு அதுதான் கடைசி இடம். ரயில் வந்துவிட்டிருந்தது. சிறுமி ஜன்னல் ஓரத்தில் ஊர்க்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையில் ஊதா நட்சத்திரம் இன்னும் போகவில்லை. அம்மா பிளாட்பாரத்தில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்களாவது வந்தீங்களே என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நேற்று நடந்ததைச் சொன்னாள்.

கோயிலிலிருந்து வந்ததும் இவள் ஏதோ ஒரு காகிதத்தைக் கொண்டுபோய், பாப்பாவுக்குத் தொட்டில் கட்டுகிற இடத்துக்குக் கீழே தரையில் வைத்தாளாம். தலைமேல் கையை வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாளாம். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. யார் வந்தாலும் வாயில் விரல் வைத்து, சத்தம் போடாதீங்க என்றாளாம். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம். பிறகு கையை இறக்கி, காகிதத்தை நாலாக மடித்துக் கவுனுக்குள் வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாளாம்.

"எதுக்கு அப்படிச் செஞ்சா? ஒங்க மேல அவளுக்கு உசுரு. ஒங்ககிட்ட எதுவும் சொன்னாளா டீச்சர்?"

ரயில் ஊதியது. ஜன்னலுக்கு உள்ளேயிருந்து அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும். கோபமாகப் பார்க்கவில்லை. டீச்சரக்கா இப்போது அம்மாவிடம் சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.

"ஒண்ணும் சொல்லலியேக்கா" என்றேன்.